லண்டனில் நான் சாப்பிடாத ஸ்கோன்

முப்பது வருடங்கள் பகலில் ஒரு கப்பல் கம்பனியில் எழுதுவினைஞராகவும், மாலையில் கொழும்பு வெள்ளவத்தையில் ஆங்கில ரியூஷன் மாஸ்டராகவும் இருந்தேன். கப்பல் கம்பனிக்காரன் என்பதால் நான் பல நாடுகள் பார்த்தவன் என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். நான் கடந்த ஆகப் பெரிய கடல், நயினாதீவுக்குப் படகில் போகும்போது கடக்கிற கடல்தான். கடவுச்சீட்டை மட்டும் இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறேன். மூன்று புத்தகங்களும் ஒரு முத்திரை கூடப் படாமல் அலுமாரியில் இருக்கின்றன.

காலி வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில்தான் வகுப்பு நடந்தது. நான் படிப்பித்த வாசிப்புப் புத்தகத்தில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் தோட்டத்தில் இருந்து தேநீர் குடிக்கும் பாடம் ஒன்று உண்டு. அதில் அந்தத் தாய் எல்லோருக்கும் ஸ்கோன் எடுத்துக் கொடுப்பாள். ஒரு வருடம் முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, "சேர், ஸ்கோன் எண்டா என்ன?" என்று கேட்டது. அகராதியில் "ஒரு வகைச் சிறிய கேக்" என்று போட்டிருந்தது. அதைச் சொன்னேன். "கேக் எண்டா ஏன் கேக் எண்டு சொல்லாமல் ஸ்கோன் எண்டு சொல்லுகினம்?" என்று அடுத்த கேள்வி வந்தது. நாற்பது பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேய் பிடித்ததோ தெரியவில்லை.

"நான் லண்டனில இருக்கேக்க சாப்பிட்டிருக்கிறன்" என்றேன்.

வகுப்பு அப்படியே அடங்கிப் போனது. அத்தனை வருடப் படிப்பித்தலில் அப்படி ஓர் அமைதி எனக்குக் கிடைத்ததே இல்லை. அதன் ருசி கண்டுவிட்டேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்போது கதை கொஞ்சம் வளர்ந்தது. மழை வந்தது. ஆற்றங்கரைக் கடை வந்தது. கடைக்கார அம்மா என் பசியைப் பார்த்து இன்னொன்று வைத்தாள். போகப்போக அவள் எனக்குச் செய்முறையும் சொல்லித் தந்துவிட்டாள். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஸ்கோன் சுடத் தொடங்கியிருந்தேன்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. பழைய மாணவி. இங்கிலாந்தில் தாதியாக இருக்கிறாளாம். ஒரு வெள்ளைக்காரரைக் கலியாணம் முடித்திருக்கிறாளாம். "சனிக்கிழமை கொழும்பில நிப்பம் சேர். உங்கட ஸ்கோனைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்லி வச்சிருக்கிறன். பின்னேரம் நாலு மணிக்கு வீட்டை வரட்டோ?" என்று எழுதியிருந்தாள்.

வாருங்கள் என்று உடனே பதில் போட்டேன். எழுத்துப் பிழை இல்லாமல் போட்டேன். அதற்குப் பிறகுதான் ஸ்கோனை நான் கண்ணாலும் கண்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மனைவி என் தோளுக்கு மேலாக அதை வாசித்துவிட்டாள். "ஸ்கோன் எண்டா என்னது?"

அவளுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. லண்டன், மழை, கடைக்கார அம்மா, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். அவள் முதலில் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் குசினிப் பக்கம் வந்ததை நான் ஒரு நாளும் காணேல்லையே. எனக்குத் தெரியாமல் எந்தக் குசினியில சுட்டனீங்கள்?"

"பகிடி விடாதை. சனிக்கிழமைக்குள்ள நான் பழகவேணும்."

"கடையில வாங்கலாமே?"

"நான் சுடுறன் எண்டெல்லோ சொல்லி வச்சிருக்கிறன்."

"பொய்யுக்கு இவ்வளவு நேர்மையான ஆளை நான் காணேல்லை" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சிரிக்கத் தொடங்கினாள்.

எங்கள் வீட்டில் ஒரு சிறிய மின்சார ஓவன் இருக்கிறது. கனடாவில் இருக்கும் மகன் விடுமுறையில் வந்தபோது வாங்கித் தந்தது. அதைத் திறந்து பார்த்தேன். உள்ளே மனைவி பல வருடங்களாக மடித்துச் சேர்த்த பொலித்தீன் பைகள் இருந்தன. அவற்றுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுப்பதிலேயே புதன்கிழமைக் காலை போய்விட்டது.

பிறகு ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் வீடியோவைப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். அவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சமைத்தார். அதை நான் கவனித்திருக்க வேண்டும். கோதுமை மாவுக்குள் குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்துக் கலக்கச் சொன்னார். அவருடைய கிண்ணத்தில் அது பேக்கரிப் பாண் தூள் போல உதிர்ந்தது. வெள்ளவத்தையில் பகல் பன்னிரண்டு மணிக்கு என்னுடைய பட்டர் விரலில் பட்டதும் எண்ணெயாகிவிட்டது. பாலை ஊற்றினேன். களியாக வந்தது. இன்னும் மா போட்டேன். எங்கள் வீட்டில் ரொட்டிக்குக் குழைப்பதை வாசலில் நின்று பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த அனுபவத்தை எல்லாம் திரட்டி, இருபது நிமிடம் வியர்க்க வியர்க்கக் குழைத்தேன். தண்ணீர் குடிக்கிற தம்ளரால் வட்டமாக வெட்டி ஓவனில் வைத்தேன்.

வெளியே வந்தவை கரம் விளையாட்டுக் காய்களை விடச் சற்றுத் தடிப்பாக இருந்தன. மனைவி ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தாள். கதவைத் தட்டுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. பல்கனி விளிம்பில் ஒன்றை வைத்தேன். தினமும் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு வருகிற காகம் வந்து இரண்டு கொத்துக் கொத்தியது. பிறகு தலையைச் சரித்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டது.

வியாழக்கிழமை பிழை எங்கே என்று ஆராய்ந்தேன். பேக்கிங் பவுடர் டப்பாவைப் பார்த்தால், எப்போதோ ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கியது. காலாவதித் திகதி அழிந்தே போயிருந்தது. இதுதான் காரணம் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், பழைய மருந்துக்கு வலு குறைவு, ஆகவே நான்கு மடங்கு போடவேண்டும் என்று கணக்குப் போட்டேன். புதிய டப்பா ஒன்று வாங்கலாம் என்ற எண்ணம் அந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

அந்தப் பவுடருக்கு அவ்வளவு வலு குறைந்திருக்கவில்லை. ஸ்கோன்கள் ஓவனுக்குள் பொங்கி, வெடித்து, மேலே இருந்த கம்பியைத் தொட்டுக் கருகின. புகை வந்தது. கருகாத பக்கத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டேன். துணி தோய்க்கிற சவர்க்காரத்தின் ருசி. நாக்கு அரை மணி நேரம் விறைத்துக் கிடந்தது.

கதவு மணி அடித்தது. கீழ் மாடியில் இருக்கும் முஸ்லிம் பெண்மணி. கலியாண வீடுகளுக்கும் பிறந்தநாள்களுக்கும் ஓடர் எடுத்துக் கேக் செய்து கொடுப்பவர். எங்கள் கட்டடத்தில் ஓவனைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆள். முதல் நாளே நான் போய்க் கேட்டிருக்க வேண்டிய ஆளும் அவர்தான். போகாததற்குக் காரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன்னர் அவர் எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஆங்கிலத்தில் ஒரு விளம்பரம் போட்டிருந்தார். "கேக்ஸ்" என்ற சொல்லில் எஸ்ஸுக்கு முன்னால் தேவையில்லாமல் மேலே ஒரு காற்புள்ளி இருந்தது. நான் சும்மா இருக்கவில்லை. அந்தக் காற்புள்ளி எங்கே வரும், எங்கே வராது என்று எழுபது பேர் பார்க்க நான்கு பந்தி எழுதினேன். அதற்குப் பிறகு மின்தூக்கியில் அவரைக் கண்டால் நான் படியால் போவேன்.

"சேர், என்னமோ கரியிற வாசம் வருது. எல்லாம் நல்லா ஈக்கா?" என்றார்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்று நான் சொல்வதற்குள் மனைவி அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புதன்கிழமைக் காய்களையும் வியாழக்கிழமைக் கரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவர் புதன்கிழமைக் காய் ஒன்றை உடைக்கப் பார்த்தார். முடியவில்லை. கத்தி கேட்டார்.

"இத எவ்வளவு நேரம் கொழச்சீங்க சேர்?"

"இருபது நிமிஷம்" என்றேன், சற்றுப் பெருமையாகவே.

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது ரொட்டி இல்ல சேர். மாவத் தொட்டும் தொடாம ஈக்கணும். நாளக்கி ஜும்ஆ தொழுகை முடிஞ்சி சாப்பாட்டுக்குப் பொறகு வாறன். மாவையும் பட்டரையும் பிரிஜ்ஜுக்குள்ள வெச்சிடுங்க. கிண்ணத்தயும் வெச்சிடுங்க" என்றார்.

"கிண்ணத்தையுமா?"

"ஏலுமெண்டா உங்கட கையயும் வெச்சிடுங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தார். மாவில் அவர் கையே வைக்கவில்லை. மேசைக்கு மறுபக்கம் நின்று என்னைச் செய்யச் சொன்னார். உறைந்த பட்டரைக் கரட் துருவுகிற துருவியில் துருவச் சொன்னார். பாலுக்குள் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்தார். மாவை விரலால் அளையாமல் ஒரு மேசைக் கத்தியால் கிளறச் சொன்னார். எனக்குக் குழைக்கக் கை துடித்தது. "ஆ, ஆ, போதும், விடுங்க" என்று சின்னப் பிள்ளையை அதட்டுவது போல அதட்டினார். தம்ளரை அழுத்தித் திருப்பினேன். "முறுக்கவாணாம் சேர். நேரா அமத்தி நேரா எடுங்க. முறுக்கினா பொங்கக்குள்ள ஒரு பக்கம் சாஞ்சிரும்."

அன்று எட்டு வந்தன. மூன்று சாய்ந்திருந்தன. ஐந்து நேராக நின்றன. ஒன்றைக் கையால் பிட்டபோது நடுவில் தானாகவே இரண்டாகப் பிரிந்து ஆவி வந்தது. அறுபத்தொரு வயதில், ஸ்கோன் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அகராதி சொன்னது பெரிய பிழையில்லை. ஆனால் கேக் இல்லை, பணிஸும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. அந்த முன்வரிசைப் பிள்ளைக்கு இப்போதும் என்னிடம் சரியான பதில் கிடையாது.

அவர் போகும்போது வாசலில் நின்று, அந்தக் காற்புள்ளி விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அது இன்னும் மாத்தல்ல சேர்" என்றார். "நீங்க எழுதினதப் படிக்கத்தான் எல்லாரும் அந்தப் பக்கம் வந்த. வந்தவங்க கேக்கயும் பாத்த. அந்தக் கிழமையில ஓடர் கூடிப் போச்சி."

சனிக்கிழமை எல்லாம் திட்டப்படி நடந்தது, மூன்றே முக்கால் வரை. எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடித்து, கிரீம் போல ஆக்கி வைத்திருந்தேன். ஸ்ட்ரோபெரி ஜாம் வாங்கப் போய், பழக்கதோஷத்தில் விளாம்பழ ஜாம் வாங்கி வந்திருந்தேன். பரவாயில்லை என்று அதையே கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டேன். ஸ்கோன்கள் ஓவனுக்குள் போய் ஐந்து நிமிடம் இருக்கும். அறைக்குள் மனைவி சேலைக்கு அயன் பண்ணத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் ஓவனும் அயனும் ஒன்றாக ஓடாது. டப் என்று ட்ரிப் சுவிட்ச் விழுந்தது.

நான் அதைக் கவனிக்கவில்லை. வரவேற்பறைக் கண்ணாடி முன் நின்று, என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி நின்று வியர்த்தபோது பதற்றம் என்று நினைத்தேன். கதவு மணி அடிக்கவில்லை, யாரோ கையால் தட்டினார்கள். அப்போதுதான் விளங்கியது. ஓடிப் போய் சுவிட்சைத் தூக்கினேன். ஓவனுக்குள் எட்டு ஸ்கோன்களும் அரைத் தூக்கத்தில் கிடந்தன. வந்தவர்கள் பத்து நிமிடம் முந்தி வந்திருந்தார்கள்.

மாணவியை எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பன்னிரண்டு வயதில் இரட்டைப் பின்னலோடு கடைசி வரிசையில் இருந்து வகுப்பு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை. இப்போதும் அதே சிரிப்பு. கணவர் நல்ல உயரம், வெயிலில் மூக்குச் சிவந்திருந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டு, "வணக்கம் சேர்" என்றார். அது மட்டும்தான் தமிழ். மிச்சமெல்லாம் ஆங்கிலம்.

ஓவன் மணி அடித்ததும் தட்டோடு வந்தேன். பாதியில் குளிர்ந்து, மறுபடி சூடேறிய ஸ்கோன்கள் நடுவில் குழி விழுந்து இருந்தன. மனைவி தேநீர் ஊற்றினாள். கணவர் தட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஆ, ஸ்கொன்!" என்றார்.

"ஸ்கோன்" என்றேன் நான்.

வாயில் இருந்து தானாக வந்துவிட்டது. முப்பது வருடப் பழக்கம். ஓர் ஆங்கிலேயனுக்கு, என் வீட்டு வரவேற்பறையில், அவன் நாட்டுப் பண்டத்தின் உச்சரிப்பைத் திருத்தினேன். மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். மாணவி கோப்பைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டாள். இந்தச் சொல்லை "ஸ்கொன்" என்று சொன்னதற்காக ஒரு தரம் நான் அவளை ஐம்பது முறை எழுத வைத்திருந்தேனாம். உச்சரிப்பை எப்படி எழுதிப் பழகுவது என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை.

அவர் கோபிக்கவில்லை. இரண்டும் சரிதான் என்றார். தங்கள் ஊரில் ஸ்கொன் என்றுதான் சொல்வார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் மற்ற மாதிரிச் சொல்வாராம். தன் தாயார் அதற்காகவே அவரோடு அதிகம் பேசுவதில்லையாம். பிறகு ஒன்றை எடுத்துப் பிட்டு, தயிரும் ஜாமும் வைத்து, கடித்து, நிதானமாக மென்றார். "நீங்கள் லண்டனில் எந்தப் பக்கத்தில் சாப்பிட்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கதை தானாகவே கிளம்பியது. மழை என்று தொடங்கினேன். ஆற்றங்கரை வரை போய்விட்டேன். அப்போது மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பாவமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் லண்டனுக்குப் போனதே இல்லை" என்றேன். முதலில் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு மாணவியைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "பிள்ளை, நான் ஒரு இடமும் போனதில்லை. நேற்று வரைக்கும் ஸ்கோன் எண்டா என்னெண்டே எனக்குத் தெரியாது."

"தெரியும் சேர்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"நீங்கள் போகேல்லை எண்டு. எங்கட அண்ணாவும் உங்களிட்டத்தானே படிச்சவர். அவருக்கு நீங்கள் எடின்பரோவில சாப்பிட்டனான் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். எனக்கு லண்டன். எனக்குப் பிறகு படிச்ச மச்சாளுக்கு, கப்பலில கப்டனோட இருந்து சாப்பிட்டனான் எண்டு சொன்னீங்கள். நாங்கள் வீட்டில இருந்து ஒப்பிட்டுப் பாக்கிறனாங்கள்."

எடின்பரோவை நான் முற்றாக மறந்துவிட்டிருந்தேன்.

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் நிப்பாட்டியிருப்பீங்கள் சேர். பிறகு கிரமர் எல்லோ படிப்பிக்கத் தொடங்கியிருப்பீங்கள்."

மனைவிக்கு மறுபடி சிரிப்புப் பிடித்துக்கொண்டது. மாணவி கணவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

சிரிப்பு அடங்கியபின் அவள் ஒரு விஷயம் சொன்னாள். இங்கிலாந்து போன முதல் மாதம், வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் யாரோடும் அவள் கதைப்பதில்லை. பிழை வந்துவிடும் என்ற பயம். வாய் திறந்தால் உள்ளே நான் நின்று திருத்துவேனாம். ஒரு நாள் சிற்றுண்டிச்சாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்கோனைக் கண்டு வாங்கினாள். காய்ந்து, குளிர்ந்து, விழுங்க முடியாமல் இருந்தது. பக்கத்தில் இருந்த வயதான தாதி, "பிடிக்கவில்லையா?" என்று கேட்டாள். அப்போது இவளுக்கு என்னவோ தோன்றி, கொழும்பில் எங்கள் சேர் ஒருவர் இருக்கிறார், அவர் லண்டனுக்குப் போகாமலே லண்டனில் ஸ்கோன் சாப்பிட்டவர் என்று தொடங்கி முழுக்கதையும் சொல்லியிருக்கிறாள்.

"அண்டைக்குத்தான் சேர், நான் அந்த நாட்டில முதன்முதலா யோசிக்காமல் இங்கிலிஷ் கதைச்சனான். எத்தினை பிழை விட்டனோ தெரியாது. அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அதுக்குப் பிறகு பயம் போயிட்டுது."

நான் அரும்பாடுபட்டுப் படிப்பித்த இலக்கணம் அவளை ஊமையாக்கியிருக்கிறது. வெட்கமில்லாமல் சொன்ன பொய் அவளைப் பேச வைத்திருக்கிறது. இதைப் பெருமையாக எடுப்பதா, அவமானமாக எடுப்பதா என்று தெரியாமல், "இன்னொரு ஸ்கோன் எடுங்கோ" என்றேன்.

"வேண்டாம் சேர்" என்றாள் அவசரமாக. கணவர் மட்டும் இரண்டாவது எடுத்தார். ஸ்கோன் மேல் இருந்த விளாம்பழ ஜாமைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, ஸ்கோனை மரியாதையாகத் தட்டின் ஓரத்தில் வைத்தார். இது என்ன பழம் என்று கேட்டார். ஜாம் போத்தலையே அவரிடம் கொடுத்துவிட்டேன். போகும்வரை அதை மடியில் வைத்திருந்தார்.

ஐந்தரை போல ஒழுங்கைக்குள் பாணும் பணிஸும் விற்கிற முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்க ஆசைப்பட்டார். நால்வரும் கீழே இறங்கினோம். மீன் அடைத்த மாலு பணிஸ் ஒன்று வாங்கி, சூடாக, வீதியிலேயே நின்று சாப்பிட்டார். ஒன்று முடித்து இன்னொன்று வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். என்னுடைய ஸ்கோனைச் சாப்பிடும்போது அவர் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார்.

அவர்களை ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு மேலே வந்தோம். தட்டில் நாலு ஸ்கோன் மீதி இருந்தது. மனைவி ஒன்றைப் பிட்டு, மத்தியானம் மிஞ்சிய உறைப்பான கட்டச் சம்பலை வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள்.

"சம்பலோட பரவாயில்லை" என்றாள். பிறகு பாதி மென்றபடி கேட்டாள். "இஞ்சேருங்கோ, வேற என்னென்ன சொல்லி வச்சிருக்கிறியள் அந்தப் பிள்ளையளுக்கு? யாரும் வாறதுக்கு முதலே சொல்லிப்போடுங்கோ."

யோசித்துப் பார்த்தேன். மூன்று இருந்தன. குதிரையில் இருந்து விழுந்த கதையைச் சொன்னேன். பியானோ பழகிய கதையையும் சொன்னேன். மூன்றாவதை இன்னும் சொல்லவில்லை. அதில் அவளும் வருகிறாள்.